ரைஸ் குக்கரில் அரிசிம்பருப்பு: பருப்பு வேகாமல் தவிப்பவர்களுக்கு

சித்தி பையனுக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. பெருந்துறையில் வீடே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. சித்தி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்க போயி இவன் என்னத்தைத் தின்னுவான் கண்ணு?"

அவனுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் போடுகிறேன். நான் 2018இல் வூர்ட்ஸ்பர்க்குக்குப் படிக்கப் போனபோது ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற கணக்கிலிருந்து, மாதம் 720 யூரோ எடுக்கலாம். 2024இல் அது 992 ஆனது. எவ்வளவு ஏறினாலும் வாடகையும் இன்சூரன்சும் போக மிஞ்சுவதில்தான் சோறு. மென்சாவில், அதாவது பல்கலைக்கழகக் கேன்டீனில், ஒரு வேளைக்கு ஆகிற காசில் அரிசிம்பருப்புச் சாதம் இரண்டு நாளைக்கு ஓடும்.

அரிசிம்பருப்பு பற்றி நம்ம கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டு வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில் வீடு வந்தால், அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரே போசியில் ஆகிவிடுகிற சோறு. குழம்பு தேவையில்லை, தயிரும் ஊறுகாயும் போதும். விடுதியில் ஒரே அடுப்புக்கு ஆறு பேர் வரிசையில் நிற்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

பெட்டியில் எதை வைப்பது

வரமிளகாய், மல்லித்தூள், ஈரோட்டு மஞ்சள்தூள், சீரகம், பெருங்காயம், நிழலில் காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலை. அவ்வளவுதான். அரிசி பருப்பெல்லாம் சுமக்காதீர்கள், அங்கேயே கிடைக்கும்.

நெய் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளோ கறியோ பயணிகள் எடுத்துவரக் கூடாது. இது தெரியாமல் அம்மா ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சி இறக்கிய நெய்யை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்துவிட்டார். இறங்கிய இடத்தில் சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். அங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும். சின்னத் தீயில் பொன்னிறம் வரும்வரை காய்ச்சினால் நெய். ஊத்துக்குளி மணம் வராது, ஆனால் நெய்தான்.

அப்புறம் கசகசா. கோவையிலிருந்து சார்ஜா, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். அந்த நாடுகளில் அதற்குத் தடை உண்டு. குருமா இல்லாமல் இரண்டு வருஷம் இருந்துவிடலாம்.

எந்தக் குக்கர்

ஒரே ஒரு சுவிட்ச் உள்ள சாதாரண ரைஸ் குக்கர். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. பத்துப் பொத்தான் உள்ள 'மல்டி குக்கர்' வேண்டாம். ஊரிலிருந்து பிரஷர் குக்கர் கொண்டுபோவதாக இருந்தால் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அலுமினியக் குக்கர் நிறைய வீடுகளில் பெட்டிக்குள் போய் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

தாளிப்பு

அளவுக்குக் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 180 மில்லி. எல்லா அளவும் அதிலேயே.

ஒரு கப் அரிசி, மூன்றில் ஒரு பங்கு கப் பருப்பு. சேர்த்துக் கழுவி வையுங்கள். தட்டையான அடியுள்ள ஒரு சின்ன வாணலியில் கடலெண்ணெய் இரண்டு ஸ்பூன். கடுகு, சீரகம், வரமிளகாய் மூன்று, உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல். சின்ன வெங்காயம் இலங்கைத் தமிழர் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட்டில் ஷலோட் என்று வைத்திருப்பதை எடுங்கள். வெங்காயம் வதங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு மஞ்சள், மல்லித்தூள் அரை ஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலைப் பொடி. மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சுடும், தூள் கருகாமல் வாணலியைத் தள்ளி வையுங்கள்.

எண்ணெய் புகைய விட்டுக் கடுகு போடுவது நம் வீட்டுப் பழக்கம். அங்கே கூரையில் ஸ்மோக் அலாரம் இருக்கும். மிதமான சூட்டிலேயே கடுகைப் போட்டு மூடி போடுங்கள். ஜன்னலைத் திறந்து, வராந்தாப் பக்கக் கதவைச் சாத்திவிடுங்கள். என் முதல் தாளிப்புக்கு நான்கு மாடியும் ராத்திரி ஒன்பது மணிக்குக் குளிரில் வாசலில் வந்து நின்றது.

தாளிப்பை அரிசி பருப்போடு குக்கரில் கொட்டி, மூன்றரைக் கப் தண்ணீர், உப்பு, சுவிட்சைத் தட்டினால் முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

பருப்பு

முதல் தடவை அரிசி குழைந்து களியாகிவிட்டது. துவரம்பருப்பு மட்டும் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. சரி, பழைய பருப்பு போல என்று புதுப் பாக்கெட் வாங்கினேன். அதே கதை. சுவிட்சை இரண்டாம் முறை தட்டினேன். அடி பிடித்ததுதான் மிச்சம்.

காரணம் ரொம்ப எளிது. பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கும். ரைஸ் குக்கரில் தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரிதான். தண்ணீர் வற்றிச் சூடு அதற்கு மேல் ஏறத் தொடங்கியதும் அடியிலுள்ள காந்தம் பிடியை விட்டு, சுவிட்ச் 'வார்ம்' பக்கம் விழும். அரிசி வெந்த கணக்குக்கு நிற்கிற இயந்திரம் அது. பருப்பு வெந்ததா என்று பார்க்காது.

ஆனால் தனிப் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டும் வேகவில்லை. அப்போதுதான் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், போனில் கேட்டார்: "அங்க உப்புத் தண்ணியா சாமி?"

எனக்குச் சுருக்கென்றது. கெட்டிலைத் திறந்து பார்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கிடந்தது. நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிறதே, அச்சு அசல் அதே. வூர்ட்ஸ்பர்க் தண்ணீர் கடினத் தண்ணீர். குடிக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். போர் தண்ணியில் பருப்பு வேகாது, நல்ல தண்ணி கொண்டா என்று நம் வீடுகளில் குடத்தைத் தூக்கிக் கொடுப்பது இதற்குத்தான். ஜெர்மனியில் குழாயைத் திறந்தால் சிறுவாணி வருகிற மாதிரி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மூன்று வழி.

நான் சிபாரிசு செய்வது மைசூர்ப் பருப்பு. 'ரோட்டே லின்சன்' என்று சிவப்பாக எல்லாக் கடையிலும், துருக்கிக் கடையில் இன்னும் மலிவாகவும் கிடைக்கும். தோல் நீக்கி உடைத்தது. பதினைந்து நிமிஷத்தில் கரைந்து, வெந்ததும் மஞ்சளாகிவிடும். ருசி கொஞ்சம் மாறும். நான் கடைசி செமஸ்டர் வரை இதில்தான் ஓட்டினேன்.

துவரம்பருப்புதான் வேண்டும் என்றால், கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறி அடியில் படிந்தபின் மேலாக ஊற்றி எடுங்கள். கடினத்தன்மை ஓரளவு குறையும். அந்தத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் தனியாக அரை வேக்காடு வேகவைத்தபின் அரிசியோடு சேருங்கள்.

அதற்கும் மசியவில்லையா, ஊறப்போடும்போது ஆப்பசோடா ஒரு சிட்டிகை. சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடை வரும், பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் போகும்.

இன்னொன்று. தக்காளி போடுகிறவர்கள் பருப்பு வெந்தபின் வதக்கிச் சேருங்கள். புளிப்பு இருந்தால் பருப்பு வேகாது. நான் முதல் தடவையே இரண்டு தக்காளி போட்டிருந்தேன். தண்ணீரும் தக்காளியும் சேர்ந்து என்னைப் பழிவாங்கியிருக்கின்றன.

சுவிட்ச் விழுந்தபின் பத்து நிமிஷம் மூடியைத் திறக்காதீர்கள். அப்புறம் நெய் விட்டுக் கிளறுங்கள். மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். பழைய சோற்றுக் கணக்கு இதற்குச் செல்லாது.

பின்சேர்க்கை

மூடி ஓட்டை வழியே நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீரோடு ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். அதை மேலே எழுத மறந்துவிட்டேன்.

அமெரிக்கா போகிறவர் ஒருவர் ஊர்க் குக்கரையே கொண்டுபோகலாமா என்று கேட்டார். வேண்டாம். ஜெர்மனியில் நம்மைப் போலவே 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட், பாதிச் சூடுகூட வராது.

'பார்பாய்ல்டு' என்று பெட்டியில் போட்டிருக்கும் அரிசி நம் புழுங்கல்தான், ஆனால் நீளமானது, குழையாது. அதற்குத் தண்ணீர் அரைக் கப் கூடுதலாக விடுங்கள். கொஞ்சம் குழைவாக வேண்டும் என்றால் அதோடு பால் சோற்றுக்கென்று விற்கிற குண்டு அரிசி, 'மில்ச்ரைஸ்', ஒரு கைப்பிடி கலந்துகொள்ளலாம்.

நேற்று தம்பியை வீட்டிலேயே ஒத்திகை பார்க்கச் சொன்னேன். துவரம்பருப்பைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தான். போட்டான், சுவிட்ச் விழுந்தது, திறந்தால் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. போர் குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறான். சித்தி கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நல்ல தண்ணிக் குடத்தை அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.