கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் புதிய கல்வியாண்டைத் தொடங்குவது எப்படி?

மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் தமிழ்நாட்டில் நடத்திவரும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஜூன் மாதம் என்றாலே இரட்டை வேலைதான். சேர்க்கை, எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவு, விலையில்லாப் பாடநூல், கால அட்டவணை ஆகியவற்றுக்குக் கல்வித் துறை நாள் குறிக்கும். தொடக்கத் திருப்பலி (பூசை), மறைக்கல்வி (கத்தோலிக்க சமயப் பாடம்), பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழா ஆகியவற்றுக்குத் திருச்சபையின் நாள்காட்டி நாள் குறிக்கும். புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர் இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதித் திட்டமிடுவது நல்லது. பல பள்ளிகளில் மாணவர்களில் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர் அல்லர் என்பதால், எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் ஆறாம் வகுப்பில் அன்றுதான் சேர்ந்திருக்கும் ஓர் இந்து அல்லது இஸ்லாமியப் பிள்ளைக்கு அது எப்படிப் படும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும்.

மே மாதத்திலேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. அருள்தந்தையருக்கும் அருள்சகோதரியருக்கும் பெரும்பாலும் கோடையில்தான் பணிமாற்றம் வரும். தாளாளர் மாறினால் அதற்குக் கல்வித் துறையின் ஏற்பைப் பெறும் கோப்பை உடனே அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் கையொப்ப அதிகாரம் உறுதியாகும்வரை மற்றக் கோப்புகளும் நகராமல் நிற்கும். குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, மின்கம்பிகள், மரக்கிளைகள் ஆகியவற்றைப் பள்ளி திறப்பதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். திறக்கும் நாளும் மாறக்கூடும். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெயிலின் கடுமையால் பள்ளித் திறப்பு ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஆகவே ஆயரையோ சபைத் தலைவரையோ திருப்பலிக்கு அழைப்பதானால், முதல் நாளையே குறித்துக்கொடுக்காமல் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து ஒரு நாளைக் கேளுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் செலவிடும் கவனம் பிற்காலத்தில் பல குடும்பங்களின் அலைச்சலை மிச்சப்படுத்தும். கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமுழுக்குச் சான்றிதழில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருப்பது சாதாரணம். ‘அந்தோணி கார்த்திக்’ என்று கோயில் பதிவேட்டிலும் ‘கார்த்திக்’ என்று மாநகராட்சிப் பதிவிலும் இருக்கும் பிள்ளையின் தந்தை பெயர், ஓர் ஆவணத்தில் சூசை என்றும் இன்னொன்றில் ஜோசப் என்றும் இருக்கும். பள்ளிப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழையும் முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் அடிப்படையாகக் கொள்ளுங்கள். இரண்டும் முரண்பட்டால் பெற்றோரை அழைத்து அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது அதற்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோரின் கையொப்பத்துடன் திரும்பப் பெறுவது மிகவும் பயனுள்ள வழக்கம்.

சமயம், சாதி ஆகிய கட்டங்களை நிரப்பும்போது எழுத்தரின் ஊகத்துக்கு இடம் தரக்கூடாது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியைத் தருவதில்லை. ஒரு பிள்ளையின் கல்வி உதவித்தொகையும் பிற்காலத்து இட ஒதுக்கீடும் இந்த ஒரு கட்டத்தைப் பொறுத்திருப்பதால், வருவாய்த் துறை வழங்கிய சாதிச் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்காக வகுப்பில் சாதிப் பிரிவைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லும் பழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. நற்செய்தியின் பெயரால் நடக்கும் பள்ளியில் அது ஒரு நாள்கூட நடக்கக் கூடாது. படிவங்களை அலுவலகத்தில் தனித்தனியே கொடுங்கள். வகுப்பில் இருக்கைகளை அகரவரிசையில் அமையுங்கள்.

கால அட்டவணையில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் ஒரே பாடவேளையில் நடப்பது வழக்கம். அந்தப் பாடவேளையை வெள்ளிக்கிழமையின் கடைசி மணிக்குத் தள்ளினால் பாதி நாட்கள் நடக்காது. பத்தாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் அதைக் கடன் கேட்பார், திருப்பித் தரமாட்டார். காலையில் முதல் பாடவேளைக்கு முன்பாகவோ வாரத்தின் நடுவிலோ வையுங்கள். மறைக்கல்விக்கு அருள்சகோதரியைத் தேடிப்பிடிக்கும் பள்ளிகள், நன்னெறி வகுப்புக்கு மட்டும் அந்த நேரத்தில் கையில் வேலை இல்லாதவரை அனுப்புவது வருந்தத்தக்கது. எண்ணிக்கையில் பெரிய வகுப்பு அதுவே. நன்றாகக் கதை சொல்லக்கூடிய ஆசிரியரை அதற்கு நியமியுங்கள்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் தூய ஆவியாரின் அருளை வேண்டித் திருப்பலி நிறைவேற்றுவது கத்தோலிக்கப் பள்ளிகளின் நெடுநாள் மரபு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. அதே அரசமைப்பின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசின் ஏற்போ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் எவரையும் அவரது இசைவின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் இசைவின்றி, வழிபாட்டில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. ஆகவே சேர்க்கைப் படிவத்திலேயே இதற்கொரு வரியைச் சேர்த்துப் பெற்றோரின் விருப்பத்தைப் பெறுங்கள். வர விரும்பாத பிள்ளைகளுக்கு நூலகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் இடம் ஒதுக்குங்கள். வருகைப்பதிவில் அவர்களும் வந்தவர்களே.

வருகிறவர்களுக்கும் முன்னறிவு தேவை. நற்கருணை (திருப்பலியில் தரும் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வழங்கும்போது வரிசை நகர்ந்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை முன்னால் நிற்பவனைப் பார்த்துத் தானும் எழுந்து போய்விடும். பீடத்தின் அருகே அதைத் திருப்பி அனுப்பினால் கூட்டத்தின் நடுவே கூசிப்போகும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய கத்தோலிக்கர் மட்டுமே நற்கருணை பெறுவர் என்பதையும், மற்றவர்கள் இருக்கையில் அமைதியாக இருந்தால் போதும் என்பதையும் முந்தின நாளே வகுப்பாசிரியர் சொல்லிவிட வேண்டும். வாசகங்கள், பதிலுரைப்பாடல், மன்றாட்டுகள் ஆகியவற்றுக்கான மாணவர்களுக்கு இரண்டு நாள் முன்பே தாளைக் கொடுத்து ஒலிபெருக்கியில் படித்துப் பழக்குங்கள். திறந்த மைதானத்தில் திருப்பலி என்றால் காலை ஒன்பது மணிக்குள் முடியுமாறு அமையுங்கள். மறையுரை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதை அருள்தந்தையிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

இது தவிர, எல்லாரும் கலந்துகொள்ளும் பல்சமய வழிபாடு ஒன்றையும் முதல் வாரத்தில் வைப்பது நன்று. அன்றாடக் காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி, உறுதிமொழி, நாட்டுப்பண் ஆகியவற்றோடு இடம்பெறும் பொது மன்றாட்டை எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய சொற்களில் எழுதிக்கொடுங்கள்.

முதல் வாரத்திலேயே பாதுகாப்பு பற்றியும் பேசிவிட வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) ஆகியவற்றை வகுப்பறைகளில் ஒட்டுங்கள். மாணவர் தம் புகார்களை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியை அலுவலக வாசலிலிருந்து அகற்றி, யார் போடுகிறார்கள் என்று எவரும் கவனிக்காத இடத்தில் வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் பற்றி அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும், பணியாளர் துறவியாக இருந்தாலும் இதில் விலக்கில்லை என்பதையும் ஆசிரியர் கூட்டத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

ஜூலைக்குள் பெற்றோர் கூட்டத்தை நடத்தி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களை எமிஸில் விடுவித்து, வந்தவர்களைச் சேர்த்து முடித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 1ஆம் தேதியின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே அரசு உதவி பெறும் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இணையப் பதிவில் பழைய பள்ளியிலேயே இருந்தால், அந்த எண்ணிக்கையில் அது சேராது.