பழைய எக்கோ, ரிவேர்ப் பெட்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எக்கோ பெட்டி சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிக் கேட்க வைக்கும், ரிவேர்ப் பெட்டி மண்டபத்தில் பாடுவதுபோன்ற முழக்கத்தைச் சேர்க்கும். காந்த நாடாவில் (ரேப்பில்) சத்தத்தைப் பதிந்து எக்கோ தரும் ரோலண்ட் ஆர்.ஈ.-201 ஸ்பேஸ் எக்கோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றால், சத்தத்தைக் கேட்குமுன் அதன் பின்புறத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்தது 100, அமெரிக்காவுக்குச் செய்தது 120 அளவில் இருக்கும். இலங்கையில் நம் சுவரில் வருவது 230. நேரே செருகினால் அன்றோடு கதை முடிந்தது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 110 வோல்ட் ட்ரான்ஸ்போமரை 100 வோல்ட் கருவிக்குக் கொடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் தேவைக்கு மேல் சூடாகும். 100 வோல்ட்டுக்கென்றே சுற்றிய, கருவியின் வாட் அளவைப்போல் இரு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமர்தான் சரி.

ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை, மாற்றாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மின்சாரத்தின் ஹேர்ட்ஸை நம்பியே சுழலும் ஏசி மோட்டர் கொண்ட ரேப் எக்கோ ஒன்று 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டிருந்தால், இங்கே 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 300 மில்லிசெக்கன் தாமதம் 360 ஆகிவிடும், மேல் சுரங்களின் தெளிவும் குறையும். ரேப்பின் வேகத்தைக் குமிழாலேயே கூட்டிக் குறைக்கும் ஆர்.ஈ.-201 போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரேப் எக்கோவைச் சோதிக்கச் சுருதிப்பெட்டியைவிட நல்ல கருவி கிடையாது. ஒரே சுருதியை ஒரு நிமிடம் உள்ளே அனுப்பி, எக்கோவை மட்டும் கேளுங்கள். சுருதி மெதுவாக ஏறி இறங்கினால் அநேகமாக ரப்பர் உருளை தட்டையாகியிருக்கிறது அல்லது பிசுபிசுத்துவிட்டது. வேகமாக நடுங்கினால் ரேப்பை இழுக்கும் தண்டில் அழுக்கு, இல்லாவிட்டால் மோட்டரில் தேய்வு. ஒழுங்கான இடைவெளியில் 'டொப்' என்று விழுந்தால் ரேப்பின் ஒட்டு பிழை. அவசரத்துக்குச் சாதாரண செலோடேப்பால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை கசிந்து, ரேப்பில் சத்தத்தைப் பதிந்து வாசிக்கும் ஹெட்டில் படியும். முன்பு அனுப்பிய சத்தம் போகாமல் பின்னால் முணுமுணுத்தால் அழிக்கும் ஹெட் வேலை செய்யவில்லை.

ஆர்.ஈ.-201இல் மூன்று வாசிப்பு ஹெட்கள். தெரிவுக் குமிழை 1, 2, 3 என்று வைத்து ஒவ்வொன்றையும் தனியே கேளுங்கள். ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்குப் பிறகும் மங்கலாயிருந்து, ஹெட்டில் பள்ளமும் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், விட்டுவிடுங்கள். ரப்பர் உருளைக்கு அல்கஹோல் வேண்டாம். மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போல் கடற்கரையை ஒட்டிய வீட்டில் நெடுநாள் கிடந்த கருவி என்றால் மூடியைக் கழற்றாமல் காசு கொடுக்க வேண்டாம். உப்புக் காற்று சுவிட்சுகளையும் சொக்கெட்டுகளையும்தான் முதலில் தின்னும்.

அடுத்தது அனலொக் டிலே, ரேப் இல்லாமல் மின்சுற்றாலேயே எக்கோ தரும் பெட்டி. இதில் ஓடும் பாகம் எதுவும் இல்லை. சத்தம் ஒரு சிப்புக்குள் வாளி வாளியாகக் கைமாறிப் போகிறது. எம்.என்.3005 சிப்பில் 4,096 படிகள். படிகளின் எண்ணிக்கையை, சத்தத்தைப் படிபடியாகத் தள்ளும் கடிகாரத் துடிப்பின் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் வரும்: 10 கிலோஹேர்ட்ஸில் ஏறக்குறைய 205 மில்லிசெக்கன். தாமதத்தைக் கூட்டக் கடிகாரம் மெதுவாகிறது, அதனால் உச்ச ஒலிகளை வடிகட்டியே ஆக வேண்டும். அந்த மங்கல் பழுது அல்ல, பாட்டின் குரலுக்குப் பின்னால் எக்கோ ஒதுங்கி நிற்பதே அதனால்தான். ஆனால் எல்லையைக் கணக்குப் பாருங்கள். 60,000ஐ ரெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்பதால்) வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லிசெக்கனில் வரும்: 90 ரெம்போவில் 667, அதில் பாதி 333. அனலொக் டிலே பெடலான பொஸ் டி.எம்.-2 போவது 300 மில்லிசெக்கன் வரை, ஆக அந்தப் பாட்டுக்கு அரை அடி எக்கோ அதில் கிடைக்காது. பழுதானால் போலிச் சிப்புகள் ஏராளம். புறக்கோட்டையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் போட்டுக் கேட்காமல் நம்பக் கூடாது.

தொட்டிபோன்ற பெட்டிக்குள் ஸ்பிரிங்குகள் அதிர்ந்து முழக்கம் தரும் ஸ்பிரிங் ரிவேர்ப் இலகு. சத்தமே வராவிட்டால் பெரும்பாலும் தொட்டிக்குள் மயிரளவு கம்பி அறுந்திருக்கும். மல்ரிமீற்றரை வைத்தால் தெரிந்துவிடும். உறுமல் வந்தால் தொட்டியை மின் ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளித் திருப்பி வையுங்கள்.

முதல் தடவை வாங்குபவருக்கு எங்கள் யோசனை, 1980களின் டிஜிட்டல் ரெக் கருவிதான் (சட்டகத்தில் பொருத்தும் தட்டையான பெட்டி). யமஹா எஸ்.பி.எக்ஸ்.90 1985இல் வந்தது. 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை, ஆனால் குரலுக்கு அது குறையாகத் தெரியாது. ஹேர்ட்ஸ் சிக்கல் இல்லை, ரப்பர் இல்லை. நினைவகத்துக்கான 3 வோல்ட் லித்தியம் மின்கலம் செத்திருக்கும். அது பலகையில் சொல்டர் செய்யப்பட்டிருக்கும், மாற்றிவிடலாம். பட்டன்கள் இரண்டு தரம் அழுத்தினால்தான் எடுக்கின்றனவா என்றும் பாருங்கள். அலேசிஸ் மிடிவேர்ப் 2 போன்றவற்றில் தனி அடப்டர். அது 9 வோல்ட் ஏசி. கையில் கிடைத்த டிசி அடப்டரைச் செருகிவிட்டுக் கருவி செத்தது என்று சொல்பவர்களும் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் கொம்பியூட்டரோடு இணைக்கும்போது, கருவியில் எக்கோ சேராத நேர்ச் சத்தத்தை முழுதாக மூடி எக்கோவை மட்டும் திருப்பி எடுங்கள். இல்லாவிட்டால் கொம்பியூட்டருக்குச் சத்தத்தை ஏற்றி இறக்கும் இன்டர்ஃபேஸின் சில மில்லிசெக்கன் தாமதத்தோடு நேர்ச் சத்தம் இரண்டு தரம் வந்து குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். டி.எம்.-2 போன்ற கிட்டார் பெடல்களுக்கு இன்டர்ஃபேஸின் லைன் சத்தம் மிக அதிகம். 20 டெசிபலாவது குறைத்து அனுப்புங்கள், அல்லது லைன் சத்தத்தைக் கிட்டார் அளவுக்கு இறக்கும் ரீஅம்ப் பெட்டி ஒன்றை நடுவில் வையுங்கள். பாவிக்காத காலத்திலும் வாரத்துக்கு ஒரு தரம் அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கருவியை வெளிச்சூட்டில் வைத்து உடனே மின்சாரம் கொடுக்காமல், மேலே படிந்த ஈரம் காயும் வரை பொறுங்கள்.