எல்க் கறி முதலில் கெடுவது பின்னந்தொடையில்

அமெரிக்காவில் கொலராடோ போன்ற ராக்கி மலை மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட உரிமமும், கொன்ற விலங்கில் கட்டும் டேக் என்ற அடையாளச் சீட்டும் கட்டாயம். மான் விழுந்த பிறகு எதிரி சூடுதான். செப்டம்பர் வில் வேட்டையில் பகல் வெயில் நன்றாகவே காயும். தடித்த தோலோ கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். உடனே தோலை உரித்து, நான்கு கால்களையும் பிரித்து, பருத்திப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துக் கறி பிசுபிசுத்துவிடும்.

பின்னந்தொடையில் எலும்பை ஒட்டிய சதை கடைசியாகத்தான் ஆறும். வெளியே தொட்டால் சில்லென்றிருக்கும். உள்ளே புளித்த வாடை கிளம்பியிருக்கும். எலும்பு வரை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுங்கள். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை மட்டும் வெட்டி எறியாதீர்கள், கொலராடோ சட்டப்படி அது கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் (CWD) உள்ள பகுதியென்றால் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுங்கள். நோய் உறுதியானால் சாப்பிடக் கூடாது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

வீட்டில் முதலில் முதுகுக்கறி. வெள்ளைச் சவ்வைச் சீவிவிட்டு, 4 செ.மீ. கனத்தில் வெட்டி, உப்பு தடவி ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, புகை கிளம்பும் இரும்புச் சட்டியில் வெண்ணெயோடு இருபுறமும் சிவக்க விடுங்கள். கொழுப்பு மிகக் குறைந்த கறி என்பதால் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வறண்டு, ஈரல் வாடை தட்டும். அரைத்த கறி மட்டும் 71 டிகிரி வரை வேக வேண்டும். கால் தண்டுக்குச் சின்னத் தீயில், மூடிய பாத்திரத்தில், மூன்று நான்கு மணி நேரம்.