செயற்கைச் சரிவில் ஸ்லாலம் பயிற்சித் தடம் அமைக்கும்போது

ஸ்லாலம் என்பது வரிசையாக வைத்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்குப் பலகையில் இறங்கும் பனிச்சறுக்குப் போட்டி. பனியில் துளையிட்டுக் கம்பத்தை நட்டுவிடலாம்; தூரிகை போன்ற பாய் விரித்த செயற்கைச் சரிவில் அதற்கு வழியில்லை என்பதால், சரிவை நிர்வகிப்பவர் அனுமதிக்கும் அடித்தாங்கிகளில் மட்டுமே வளையும் கம்பங்களைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு தாங்கியையும் காலால் தள்ளிப் பார்த்து, அசைந்தால் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.

சிவப்பு, நீலக் கம்பங்களை மாற்றி மாற்றி வைப்பதே மரபு. இடைவெளியைக் கண்ணளவில் விடாமல் அளவுநாடா பிடித்து, முதல் நாளில் எட்டு ஒன்பது மீட்டர் சீராக வைத்து, கம்பங்கள் நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகும் அளவைக் குறைவாகவே தொடங்குவது நல்லது. சரிவு குட்டையாக இருப்பதால் கடைசிக் கம்பத்தை அடிவாரம்வரை கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும் (எனக்கும் வந்ததுண்டு). ஆனால் வேகம் தணிந்து நிற்பதற்கான இடம்தான் முதலில் ஒதுக்கப்பட வேண்டியது.

பாய் உலர்ந்திருந்தால் உராய்வு மிகுந்து சறுக்குப் பலகையின் அடிப்பரப்பு சூடேறித் தேயும் என்பதால், நீர் தெளிக்கும் வசதி இருப்பின் பயிற்சிக்கு முன்பே திறந்துவிட்டு, பழைய பலகைகளையே பயன்படுத்துங்கள். விழும்போது பாயின் கண்ணிகளில் கட்டைவிரல் சிக்கி முறிவது இவ்வகைச் சரிவுகளில் அறியப்பட்ட காயமாகும். ஆகவே தலைக்கவசத்தோடு தடித்த கையுறையும் முழுக்கை உடையும் இல்லாத எவரையும் தடத்தில் இறக்காதீர்கள்.

பனியைப் போல இங்கே பள்ளம் விழாததால், கடைசியாக இறங்குபவருக்கும் ஏறத்தாழ அதே தடம்தான் கிடைக்கும். நேரத்தை அளந்து ஒப்பிட இது பெரிய வசதி. ஒரே இடத்தில் தூரிகை தேயாதிருக்க, அடுத்த பயிற்சியில் தடத்தைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி அமையுங்கள்.