பி.எட். முதல் வருடம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் எங்கள் பள்ளிக்கு பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அன்று நான் செய்த தவறுகளையே இன்று அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. கடைசித் தேதி, சான்றிதழ் நகல் போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையில் பட்டம் இருக்கிறதே என்று சேர்ந்துவிடுவது

தமிழ்நாட்டில் பி.எட். சேரப் பட்டப்படிப்பில் வேண்டிய மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. இதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பொருளியல், வணிகவியல் படித்தவர்களுக்கு முதுகலையும் வேண்டும். உங்கள் பட்டத்தின் பெயர் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால், அது பள்ளிப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள்.

மறுகற்பித்தலைச் செய்யாமல் ரெக்கார்டு (பயிற்சிப் பதிவேடு) மட்டும் எழுதுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது சக மாணவர்கள் முன்னால் சில நிமிடம் ஒரே ஒரு கற்பித்தல் திறனைப் பழகுவதில், ஆறு படிகள் உண்டு: திட்டமிடு, கற்பி, பின்னூட்டம் கேள், திருத்தித் திட்டமிடு, மறுபடி கற்பி, மறுபடி பின்னூட்டம் கேள். முதல் மூன்றோடு முடித்துக்கொண்டு மற்றதை விடுதியில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். கிளர்வினாத் திறனுக்கு (மாணவரைத் தூண்டிக் கேள்வி கேட்கும் திறன்) 'முன்னேற்றம் தெரிகிறது' என்று தோழி எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்த மறுகற்பித்தல் நடக்கவே இல்லை.

போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கை ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள் பாடம் எடுத்தார். "எலுமிச்சை ஏன் புளிக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் கையைப் பாதி தூக்கினான். அதற்குள் "சிட்ரிக் அமிலம் இருக்கு, இல்லையா?" என்று அவரே பதிலைச் சொல்லிவிட்டார். கை கீழே போய்விட்டது. அப்புறம் "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே கத்தியது. பையன் என்ன சொல்ல வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

கேட்டுவிட்டு ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பது புத்தகத்தில் படித்து வருவதில்லை. முதல் முறை தவறி, தோழிகள் அதைச் சொல்லி, அன்றே மறுபடி நின்று பார்த்தால்தான் வரும். பத்துப் பேர் முன்னால் ஆறு நிமிடம் தவறுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. நாற்பது குழந்தைகள் முன்னால் தவறினால், அந்தப் பாடம் அவர்களுக்குப் போனது போனதுதான். எனக்கு அந்தப் பழக்கம் வேலைக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் எத்தனை கைகள் கீழே போயிருக்கும்!

சீனியரின் பாடக்குறிப்பைப் பார்த்து எழுதுவது

அவர் வகுப்புக் குழந்தைகள் வேறு, உங்கள் குழந்தைகள் வேறு.

வருகைப் பதிவு

கல்லூரியில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90. கெஞ்சிப் பயனில்லை.

'டெட்'டை (ஆசிரியர் தகுதித் தேர்வு) பிறகு பார்க்கலாம் என்பது

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க அதன் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். உளவியல் பாடம் நடக்கும்போதே அதற்கும் சேர்த்துக் குறிப்பெடுங்கள்.