சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பள்ளி உரிமை: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

“சேர்க்க மாட்டோம்னு நாங்க சொல்லவே இல்லையே. எங்ககிட்ட வசதி இல்லை, அதைத்தான் சொன்னோம்.” ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள குழந்தையோடு அட்மிஷனுக்கு அலைந்த பெற்றோருக்கு இந்தப் பதில் பழக்கமானதுதான். அதைக் கேட்டுவிட்டு எழுத்தில் ஒன்றுமில்லாமல் வீடு திரும்புவதுதான் பெரிய தவறு.

அரசு அலுவலகம் காகிதத்தைப் பார்த்துத்தான் நகரும். பள்ளி எழுதித் தராது, சரி. நீங்கள் எழுதலாமே. அன்றைக்கே தலைமையாசிரியர் பெயருக்கு இப்படி: “இன்று காலை 11 மணிக்கு என் மகனை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தேன். சிறப்பாசிரியர் இல்லை என்று கூறி விண்ணப்பப் படிவம் தர மறுத்தீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.” ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கிடைத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலும் அந்த அத்தாட்சி பேசும்.

அடுத்தது, எந்தச் சட்டத்தைப் பிடிப்பது என்பதில் வரும் குழப்பம். பலரும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை மட்டும் சொல்லி மனு எழுதுகிறார்கள். அது 6 முதல் 14 வயது வரைக்கும்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். “உங்க பையனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி” என்று பள்ளி ஆலோசனை சொல்லலாம், தள்ளிவிட முடியாது. இந்தச் சட்டத்தைச் சேர்க்காத மனு பாதி மனுதான்.

அந்த 40 விழுக்காட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஊறிக் கிடக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 35 என்று வந்துவிட்டால் எந்த உரிமையும் இல்லையென்று பெற்றோர் கோப்பையே மூடிவிடுகிறார்கள். இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த வரம்பு. பாகுபாடு காட்டக் கூடாது, நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பதற்கெல்லாம் அது கிடையாது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் கோளாறு உள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, 40 விழுக்காடு இல்லாத நிலையிலும், சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சலுகை மறுப்பவர்களிடம் காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

தேர்வு விஷயத்தில் தாமதம் ரொம்பவே ஆபத்தானது. அதே 2021-இல் நீட் எழுதிய, டிஸ்கிராபியா (எழுதுவதில் சிரமம் தரும் குறைபாடு) உள்ள ஒரு மாணவிக்குத் தேர்வு மையத்தில் கூடுதல் ஒரு மணி நேரம் தரவில்லை. தவறு நடந்தது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. ஒருமுறை போன மணி நேரத்தை எந்த நீதிபதியாலும் அப்படியே திருப்பித் தர முடியாது. பத்தாம் வகுப்புக்குக் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் வேண்டுமென்றால் கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஹால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், மனு போகும் வழி. குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு மாவட்டக் கல்வி அலுவலகம் போய், ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு, நீங்கள் யார்மேல் புகார் சொன்னீர்களோ அந்தத் தலைமையாசிரியர் மேசைக்கே வந்து சேர்வது உண்டு. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு நின்றுவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு, எதிர்த்தரப்பை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளி என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர்.

மனுவில் “நீதி வேண்டும்” என்று முடித்தால் ஆணையர் எதற்கு உத்தரவிடுவார்? சிறப்பாசிரியர் வாரத்துக்கு இத்தனை மணி நேரம், தரைத்தளத்தில் வகுப்பறை, பெரிய எழுத்தில் வினாத்தாள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிறப்பாசிரியர் எண்ணிக்கைக்கு அளவுகோலும் உண்டு: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022 செப்டம்பரில் மத்திய அரசு அறிவிக்கையில் வகுத்தது. உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வந்த பதிலை மனுவோடு இணைக்கலாம்.

ஆணையர் பரிந்துரை செய்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பரிந்துரைதான். கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தை ஆணையருக்கும், பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தாண்டிவிட்டால் ஆணையருக்கு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது நீங்கள் அன்றைக்கு அனுப்பிய கடிதத்தையும் அதன் அத்தாட்சியையும்தான்.