ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை ஒரு கேம் வைத்துப் பாடம் எடுப்பது எப்படி?

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு பாடத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நான் வகுப்பில் முழுதாகச் செய்து பார்த்தது இதைத்தான். ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், சுமாரான இணைய இணைப்பு இருந்தால் போதும், கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் தேவையே இல்லை.

இந்த முறைக்கு நான் வந்த காரணம் ஒன்றுதான். பூக்காரி எலைசா, தனக்கு மேட்டுக்குடி ஆங்கிலம் பேசக் கற்றுத்தந்த பேராசிரியர் ஹிக்கின்ஸிடம் கடைசியில் திரும்பிப் போவாளா என்று கேட்டால் அறுபது பேரும் கைடில் இருக்கும் அதே பத்தியை எழுதுவார்கள். அந்தக் கேள்வி அவர்களுடைய கேள்வியாக மாற வேண்டும் என்று நினைத்தேன். கேம் அதைச் செய்கிறது, ஏனென்றால் அதில் என்ன சொல்வது, என்ன செய்வது என்று ஒவ்வொரு முறையும் அவர்களே முடிவெடுத்தாக வேண்டும்.

படி 1: எந்த கேம்?

‘கலட்டியா’. எமிலி ஷார்ட் 2000-ஆம் ஆண்டில் எழுதியது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும், தேடினால் உடனே கிடைக்கும். படம் கிடையாது, முழுக்க எழுத்துதான். ஒரு கண்காட்சிக் கூடம், ஒரு பீடம், அதன் மேல் பச்சைப் பட்டு உடையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும், உயிர் வந்துவிட்ட ஒரு சிலை. விளையாடுபவர் அவளைப் பார்க்க வந்த விமர்சகர். இவ்வளவுதான் களம், அதனால்தான் ஒரு பீரியடுக்குள் அடங்குகிறது.

இதற்கும் ஷாவுக்கும் மூலக்கதை ஒன்றே. ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் பிக்மேலியன் என்ற சிற்பி செதுக்கி, பிறகு உயிர் பெறும் பெண் சிலைக்குப் பெயரும் இல்லை, அவள் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. ஷா அவளை லண்டன் பூக்காரியாக்கிப் பேச வைத்தார். ஷார்ட்டின் கேமிலும் அவள் பேசுகிறாள், ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது விளையாடுபவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது. முடிவுகள் ஏராளம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையும் உண்டு.

சிலர் ‘ஹாம்லெட்’டுக்கு ‘எல்சினோர்’ (2019) பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஒஃபீலியாவாக விளையாடி, நடக்கப்போகும் சாவுகளைத் தடுக்க முயலும் கேம் அது, காலம் திரும்பத் திரும்பச் சுழன்று வரும். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும், பல மணி நேரம் ஓடும். முதல் முறை முயல்பவர்களுக்கு நான் ‘கலட்டியா’வைத்தான் சொல்வேன்.

படி 2: நான்கு அங்கங்கள் மட்டும்

நாடகத்தின் முதல் நான்கு அங்கங்களை வழக்கம்போல நடத்துங்கள். எலைசா செருப்பை எடுத்து ஹிக்கின்ஸ் மேல் வீசும் காட்சியோடு நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் அங்கத்தைத் தொட வேண்டாம், முடிவு பற்றிப் பேசவும் வேண்டாம். கேம் பீரியட் இந்த இடைவெளியில் வர வேண்டும்.

படி 3: வகுப்பில் விளையாடுவது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்த கேமில் சொடுக்க எதுவும் இல்லை, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். மாணவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இப்போதைய சாட்பாட்களிடம் பேசிப் பழகியதால் நீளமாக ஒரு முழுக் கேள்வி எழுதுவார்கள். கேமுக்குப் புரியாது. மறுபடி எழுதுவார்கள், மறுபடி புரியாது. ஐந்து நிமிடத்தில் வகுப்பு கைவிட்டுப் போய்விடும். முக்கியமாகத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் ஆங்கிலத்தில்தான் தவறு என்று நினைத்துச் சுருங்கிவிடுவார்கள். அது நடக்கவே கூடாது. கோளாறு அவர்களுடைய ஆங்கிலத்தில் இல்லை, அந்தக் கால கேம்கள் குறிப்பிட்ட சில வடிவங்களை மட்டும்தான் ஏற்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டுப் பலகையில் இந்த நான்கை மட்டும் எழுதுங்கள் (தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில்தான்): ‘ஆஸ்க் அபவுட்’ என்று போட்டு ஒரே ஒரு பெயர்ச்சொல், ‘டெல் அபவுட்’ போட்டு அதேபோல ஒன்று, சுற்றிப் பார்க்க ‘லுக்’, எதையாவது உற்றுப் பார்க்க ‘எக்ஸாமின்’. கேள்வி என்பது வினைச்சொல் இல்லாத ஒற்றைச் சொல்தான் என்று புரிந்துவிட்டால் போதும், அப்புறம் வண்டி ஓடும். சிற்பி, கல், கடவுள், உறக்கம் என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவள் பதிலில் வரும் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் அடுத்த கேள்வியாகலாம். கவனித்தீர்களா, அவள் சொன்னதைச் சொல் சொல்லாக ஊன்றிப் படித்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். மாதக்கணக்கில் ‘டெக்ஸ்டைக் கவனமாகப் படி’ என்று நான் கெஞ்சியது இங்கே யாரும் சொல்லாமலே நடக்கிறது.

ஏற்பாடு இப்படி: ஒருவர் கீபோர்டில், ஒருவர் திரையில் வருவதைச் சத்தமாக வாசிப்பவர், மற்றவர்கள் கை தூக்கி அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும். இரண்டு யோசனை வந்தால் வாக்கெடுப்பு. சத்தமாக வாசிப்பதை விட்டுவிடாதீர்கள், கடைசி பெஞ்சுக்குத் திரை சரியாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. யாராவது சிரித்துக்கொண்டே அவளைத் தொடச் சொல்வார்கள். தடுக்காதீர்கள், தட்டச்சு செய்ய விடுங்கள். இந்த கேம் அதுவரை நடந்த உரையாடலை வைத்து அவள் மனநிலையைக் கணக்கில் வைத்துக்கொண்டே வரும், அதற்கேற்ப எதிர்வினையும் மாறும். நடந்ததைப் பார்த்த பிறகு, முதல் அங்கத்தில் ஹிக்கின்ஸ் எலைசாவின் பேச்சைக் குறிப்பெடுக்கும்போது அவளிடம் அனுமதி கேட்டாரா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வகுப்பு அமைதியாகும், பிறகு நல்ல விவாதம் வரும்.

படி 4: எழுத்தைப் பத்திரப்படுத்துங்கள்

ஒரு முடிவு வந்ததும் பக்கத்தைப் புதுப்பிப்பதற்கு முன் திரையில் உள்ள எல்லா எழுத்தையும் காப்பி செய்து ஒரு கோப்பில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் போய்விடும். நேரம் இருந்தால் வேறு மனநிலையோடு இன்னொரு முறை விளையாடி அதையும் எடுத்து வையுங்கள். இரண்டையும் அச்செடுத்துக் கொடுத்து, எந்த வரியில் இந்த இரண்டு உரையாடலும் பிரிந்தன என்று அடிக்கோடிடச் சொல்வதுதான் முதல் அசைன்மென்ட். கதைச் சுருக்கம் எழுதினால் மதிப்பெண் இல்லை என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

படி 5: இப்போது ஐந்தாம் அங்கம்

மறுநாள் ஐந்தாம் அங்கத்தை வாசியுங்கள். அதன் பிறகு இந்தச் செய்திகளைச் சொல்லுங்கள். 1914-இல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலைசாவுக்குப் பூச்செண்டு வீசிக் காதல் முடிவு போலக் காட்டினார். ஷா கொதித்துப்போனார். 1916-இல் பின்னுரை ஒன்றே எழுதி, அவள் கல்யாணம் செய்துகொள்வது அவளைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைத்தான் என்று அழுத்திச் சொன்னார். அப்படியும் 1938-இல் வந்த திரைப்படம் அவளை ஹிக்கின்ஸிடம் திரும்ப வைத்தே முடிந்தது.

முடிவை யார் தீர்மானிப்பது என்ற சண்டை நூறு வருடமாக நடக்கிறது என்று தெரியும்போது, நேற்று தாங்கள் வாக்கெடுத்து ஒரு முடிவுக்குப் போனது மாணவர்களுக்கு ஞாபகம் வரும். நான் இந்தப் பாடத்தை இப்படி நடத்துவதே இந்த ஒரு கணத்துக்காகத்தான். ஷா செய்தது சரியா, ஒரு பாத்திரத்தின் எதிர்காலத்தை எழுத்தாளர் பின்னுரையில் பூட்டி வைக்கலாமா என்று அவர்களே கேட்பார்கள்.

படி 6: அவர்களே ஒன்றைச் செய்வது

இதற்குத் தேவை, கிளை பிரியும் கதைகளைச் செய்ய உதவும் ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருள். கிறிஸ் கிளிமஸ் 2009-இல் உருவாக்கியது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் எழுதி, தேர்வாக வர வேண்டியதை [[செருப்பை எறி]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அதே பெயரில் அடுத்த பெட்டி தானாக வரும். நான்கு பேர் கொண்ட குழு, பத்துப் பெட்டிக்கு மிகாமல், எலைசா வீட்டை விட்டு வெளியேறும் அந்த இரவு. தமிழிலும் எழுதலாம், நான் அனுமதிக்கிறேன், சிறந்த வேலைகள் பெரும்பாலும் தமிழில்தான் வருகின்றன.

கதை திரையில் எப்படித் தோன்றி இயங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ‘கதை வடிவம்’ எதை வைப்பது என்று குழம்ப வேண்டாம், ட்வைனில் முதலில் வரும் ஹார்லோ என்ற வடிவமே போதும். கணினியில் நிறுவும் பதிப்பையே பயன்படுத்துங்கள், பிரவுசர் பதிப்பு எனக்குப் பிடிக்காது. காரணம் கீழே.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த சிக்கல்கள்

ட்வைனின் பிரவுசர் பதிப்பில் செய்த கதை காணாமல் போனதாக நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அது கதையை அந்தக் கணினியின் பிரவுசருக்குள்ளேயே வைக்கிறது, எந்த சர்வரிலும் இல்லை. லேப் கணினிகளை மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்குப் போகும்படி வைத்திருப்பார்கள், எல்லாம் அழிந்துவிடும். சஃபாரி பிரவுசரில் சில நாள் திறக்காமல் விட்டாலும் போகலாம். பீரியட் முடியும்போதெல்லாம் வெளியிடும் வசதியில் போய் ஒற்றைக் கோப்பாக இறக்கி, குழுவில் ஒருவர் மெயிலுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பையே திரும்ப ஏற்றித் தொடரலாம்.

தமிழ் எழுத்து குப்பையாக வருகிறது என்றவருக்கு: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருக்கிறீர்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மொபைலில் ‘கலட்டியா’ விளையாடுகிறவர்கள் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள், அது கட்டளைகளைக் கெடுக்கிறது.

இன்டர்னல் மார்க் பற்றிக் கேட்டவருக்கு: அடிக்கோடிட்ட அசைன்மென்டுக்குப் பாதி, ட்வைன் கதைக்கும் அதனோடு ஒரு பக்க விளக்கத்துக்கும் பாதி. கதை எத்தனை கிளை பிரிகிறது என்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் நாடகத்தில் எந்த வரி ஆதாரம் என்று கேளுங்கள்.

தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், சிலப்பதிகாரத்துக்கு இது ஒத்துவருமா, ஊழ்தான் நடத்துகிறது என்று சொல்லும் காப்பியத்தில் தேர்வு எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் ஆணையிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வினைவிளை காலம் என்று இளங்கோ சொல்லும் அந்தப் பெட்டியில் இரண்டு இணைப்பு வைப்பதா, ஒன்றே ஒன்று வைப்பதா, அல்லது இரண்டு வைத்து இரண்டும் ஒரே இடத்துக்குப் போகச் செய்வதா என்று ஒவ்வொரு குழுவும் முடிவு செய்து காரணம் எழுதட்டும். செய்து பார்த்தால் கோப்பை எனக்கும் அனுப்புங்கள் ஐயா, என் வகுப்பிலும் போட்டுக் காட்டுகிறேன்.